மழை எங்கே நிற்கும், யாரைக் கேட்பது? நம் வட்டாரத்தின் பழைய கணக்கு

சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் மழைநீர் தேங்குகிற விஷயம் பேச்சுக்கு வந்ததும் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது பலருக்கு நினைவிருக்கும். "ஒரு இன்ஜினியரை வைத்து லெவல் எடுத்தால் அரை நாளில் தெரிந்துவிடும்" என்றார் ஒருவர். "இன்ஜினியர் எதற்கு? தளக்காவூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற ஐயாவைக் கூட்டிவந்து கேளுங்கள், தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று அவர் காட்டுவார்" என்றார் இன்னொருவர். கடைசி வரிசையிலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் வந்தது: "எதைச் செய்தாலும் ஆன்லைனில் போட்டுவிடாதீர்கள், மனை விலை இறங்கிவிடும்." எல்லோரும் சிரித்தோம். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு யோசித்தபோது, இந்த மூன்று பேச்சுமே நம் சீமையில் பழைய பேச்சுகள் என்று தோன்றியது. குறைந்தது 170 வருஷமாக இவை நடந்துகொண்டிருக்கின்றன. சங்கம் இப்போது கையில் எடுத்திருக்கும் வேலைக்கு அந்தப் பழைய கதை உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் அதற்கு ஓர் அமைப்பு உண்டு. அரசுக் காகிதங்களில் 'பாதிப்பு மதிப்பீடு' என்றொரு சொல் அடிக்கடி வருகிறது. ஐ.நா. சபையின் பருவநிலைக் குழு 2001 அறிக்கையில் அதை மூன்று கூறாகப் பிரித்துச் சொன்னது. பேச்சுத் தமிழில் சொன்னால்: நம் மேல் வந்து விழப்போவது என்ன, விழுந்தால் யாருக்கு எவ்வளவு வலிக்கும், விழுந்தவர் எழுந்து நிற்கக் கையில் என்ன இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் பதில் அந்தந்தத் தெருவில்தான் கிடைக்கும். அதனால்தான் 'மக்களை ஈடுபடுத்தி' மதிப்பிட வேண்டும் என்கிறார்கள்.

செட்டிநாட்டில் இந்த மதிப்பீடு செய்யாமல் ஊர் கட்டியிருக்கவே முடியாது. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும், நின்றால் மணல். வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணோ செம்மண், கீழே செம்பூரான் கல். ஆகவே கொட்டுகிற தண்ணீரை நிறுத்தி வைக்கக் கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கும் கீழே. பாசனத்துக்குக் கண்மாய் என்றால் குடிக்க ஊருணி. திருக்குறளிலேயே இடம்பெற்ற சொல் அது.

கண்மாயைத் தண்ணீர்த் தொட்டியாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அது அளவுகோலாகவும் இருந்தது. மடையில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது, கலுங்குக் கல்லில் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, இந்தத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும், எத்தனை குறுக்கம் நட்டால் கரையேறும் என்று ஊரில் பேசி முடிவெடுப்பார்கள். குறைந்த வருஷம் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். மடை திறந்து, வாய்க்கால் காத்து, கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீர்ப்பாய்ச்சியின் வேலை. எந்த வயலுக்கு எப்போது காயும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு நிலச் சொந்தக்காரருக்கே தெரியாது. இந்த நீர்ப்பாய்ச்சியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்ப வருவார்.

நகரத்தார் வீடுகளிலும் இதே கணக்குதான். கூரை உள்பக்கம் சரிந்து வளவில் மழையை இறக்கும். அங்கே அண்டா, குண்டான் வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் கிணற்றுக்கும் தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும். தரையை உயர்த்திக் கட்டியதற்குப் பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவுதான் காரணம் என்று நம் ஆச்சிமார் சொல்வதுண்டு. கடல்கோள் செய்தி மணிமேகலையில் இருக்கிறது. ஆனால் வீட்டு உயரத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது குடும்பக் கதை, வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளத்தைச் சொல்லிச் சொல்லி வீடு கட்டினார்கள் என்றால் அந்தக் கதைக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அரண்மனை வீடுகளைப் படமெடுக்க வருகிறவர்கள் ஊருணிப் படிக்கட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் நன்றாயிருக்கும்.

இனி அந்த 170 வருஷத்துச் சண்டைக்கு வருவோம். 1850களில் பெயர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் சென்னை மாகாணத்துப் பாசனத்தைப் பார்க்க வந்தார். அவர் கணக்கில் 14 மாவட்டங்களில் 53,000 ஏரி, கண்மாய்கள். கரைகளை ஒன்று சேர்த்தால் 30,000 மைல் நீளம். அவற்றில் ஏறத்தாழ 10,000 பழுதாகிக் கிடந்தன. இவ்வளவையும் யார் கட்டிக் காப்பாற்றினார்கள் என்ற வியப்பு அந்தக் காலத்து ஆங்கில அறிக்கைகளில் தெரிகிறது. வியந்து முடித்ததும் சட்டம் போட்டார்கள். 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் வந்து வேலை செய்தே ஆகவேண்டும் என்றது. குடிமராமத்து என்ற வழக்கம் இப்படிச் சட்டத்துக்குள் நுழைந்தது. உழைக்க வேண்டியது ஊர். எந்தக் கண்மாய்க்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது துரை. ஊருக்குத் தெரிந்ததை எழுதிவைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

நம் சிவகங்கை நிலைமை இன்னும் மோசம். 1803இல் நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்ட சீமை இது. 1883இல் அரசு ஏரிகளைச் சீரமைக்க ஒரு பெரிய திட்டம் தொடங்கி, ஒவ்வொரு ஏரியாக அளந்து குறித்தபோது ஜமீன் கண்மாய்கள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு அவற்றைக் கையில் எடுத்தது. பழைய ஆட்கள் இன்னும் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இடையில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. என் அப்பத்தாவுக்கு அவர் அப்பத்தா சொன்ன கதைகளாகத்தான் அது எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது: வேலிக் கற்றாழையைக்கூட விட்டுவைக்கவில்லை என்பார். பஞ்சம் முடிந்ததும் அரசு விசாரணைக் குழு போட்டது. 1880இல் அறிக்கை, 1883இல் பஞ்ச விதிகளின் முதல் வடிவம். அந்த விதிகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மழை அளவோடு நிறுத்தாமல், மனிதர்களையும் பார்க்கச் சொல்கின்றன. தானிய விலை திடீரென்று ஏறுகிறதா, கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொள்கிறார்களா, பிச்சை போடுவது குறைகிறதா, ஜனங்கள் வழக்கமில்லாத திசைக்கு நடக்கிறார்களா, ஆடுமாடுகள் மேய்ச்சலுக்காக இடம் பெயர்கின்றனவா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா: இவை பஞ்சத்தின் முன்னறிகுறிகள், கவனித்து மேலே எழுதியனுப்ப வேண்டும்.

இன்றைக்கு 'பாதிப்புக் குறியீடு' என்று நாற்பது பக்கத்தில் எழுதுவதன் சாரம் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். குறை எங்கே என்றால், எழுதியனுப்புவது கிராம முன்சீப்பும் கர்ணமும். செய்தி மேலே போகும். தாலுகா, ஜில்லா, சென்னை என்று ஏறும். பசித்தவன் அதில் ஓர் அறிகுறி. அவனை உட்காரவைத்து 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்கும் ஏற்பாடு இல்லை.

"அந்தக் காலத்தில் ஊரே கூடி முடிவெடுத்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்" என்று இதைப் படித்ததும் சொல்லத் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. டேவிட் மாஸ் என்ற மானிடவியலாளர் 1980களில் இதே ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் தங்கிக் கண்மாய்களை ஆராய்ந்தார். 2003இல் அது ஒரு புத்தகமாக வந்தது. கண்மாய் நிர்வாகம் என்பது அரசர், ஜமீன்தார் அதிகாரத்தோடும், கோயில் மரியாதையோடும், சாதி அடுக்கோடும் பின்னிக் கிடந்தது என்று அவர் காட்டுகிறார். ஊர் பேசியது என்றால் ஊரில் பேசத் தகுதி உள்ளவர்கள் என்று கருதப்பட்டவர்கள் பேசினார்கள். நம் நீர்ப்பாய்ச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். எல்லா வயலின் தாகமும் தெரிந்த மனிதர் கூட்டத்தில் ஓரமாக நின்றார். கேட்டால் சொல்வார், கேட்பது அரிது.

இந்தப் பாடம் நம் சங்கத்துக்கும் பொருந்தும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பொதுக்குழுவில் பேசுகிறவர்கள் யார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். சொந்த வீட்டுக்காரர்கள், அதிலும் ஆண்கள், அதிலும் ஓய்வு பெற்றவர்கள் (நானும் அதில் ஒருவன்தான்). வாடகைக்கு இருப்பவர்கள் வருவதில்லை. நம் வீடுகளில் வேலை செய்ய விடியற்காலையில் வரும் அக்காமாருக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது முழங்கால் அளவில் தெரியும். அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் நாம் அழைத்ததில்லை.

பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. நம் சாலையிலேயே கொஞ்சம் மேற்கே போனால் குன்றக்குடி. தவத்திரு குன்றக்குடி அடிகளார் 1952இல் ஆதீனத் தலைமைக்கு வந்தவர். 1970களின் பின்பகுதியில், காரைக்குடி செக்ரி விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துவந்து, ஊர்க்காரர்களோடு உட்காரவைத்து, கிராமத்துக்கென்று திட்டக்குழு ஒன்றை நடத்தினார். கூட்டுறவுச் சங்கங்கள், சிறு தொழில்கள் என்று அது வளர்ந்தது. 'குன்றக்குடி மாதிரி' என்று டெல்லித் திட்டக் குழு வரை பெயர் போனது. பருவநிலை மாற்றம் என்ற சொல்லெல்லாம் அன்று யார் வாயிலும் இல்லை. ஆய்வுக்கூடத்து ஆளும் ஊர்க்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச முடியும் என்று நம் கண்ணெதிரே ஒருவர் செய்து காட்டினார். நம் பொதுக்குழுவின் இரண்டு கட்சிகளும் அங்கே ஒரே கட்சி.

1980களின் கடைசியிலும் 1990களிலும் இந்த யோசனை உலகம் முழுக்கப் பரவியது. ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் எழுதினார்கள். கர்நாடகத்தில் மைராடா, மதுரையில் ஸ்பீச் போன்ற தொண்டு நிறுவனங்கள் செய்து பார்த்தன. முறை எளிது. ஊர்க்காரர்கள் தரையில் கோலப்பொடியாலோ குச்சியாலோ தங்கள் ஊர் வரைபடத்தைத் தாங்களே வரைவார்கள். புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ வைத்து எந்த மாதம் எவ்வளவு மழை, எப்போது வேலை இல்லை, எப்போது கடன் வாங்குகிறோம் என்று காட்டுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஊரைக் குறுக்கே நடந்து சரிபார்ப்பார்கள். படிப்பறிவு தேவையில்லை, நீளமான கேள்வித்தாளும் தேவையில்லை. 1992 முதல் மதுரையைத் தலைமையிடமாக வைத்துக் கண்மாய் வேலை செய்துவரும், இன்று தானம் அறக்கட்டளை என்று அறியப்படும் அமைப்பு, வயலகம் என்ற பெயரில் கண்மாய்ப் பாசனக்காரர்களைச் சங்கமாக்கியது. ராமநாதபுரம் பக்கம் ஊருணிகளையும் தூர்வாரியது.

இதிலும் ஓட்டை உண்டு. முன்னால் சொன்ன அதே டேவிட் மாஸ், மேற்கு இந்தியாவில் ஒரு வேளாண் திட்டத்தில் இந்த முறையைச் செய்து பார்த்துவிட்டு 1994இல் எழுதினார்: பொது இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் வரைபடம் போடச் சொன்னால் மதிப்புள்ள ஆண்களின் கருத்து 'ஊர்க் கருத்து' ஆகிவிடுகிறது, பெண்கள் வருவதே இல்லை என்று. தரையில் கோலப்பொடி தூவினாலும் யார் கையில் பொடி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஒரே ஊருக்குள் ஒருவர் பாதிப்பு இன்னொருவர் பிழைப்பாக இருப்பதும் உண்டு. சீமைக்கருவேலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கிறது, வரத்துக்காலை அடைக்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் நம் மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் மழை பொய்த்த வருஷம் அந்த முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் பல குடும்பங்கள் சோறு தின்றன. அவர்களைக் கேட்டு வரைந்த வரைபடத்தில் அந்த மரம் வேறு நிறத்தில் இருக்கும். மரத்தை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வெட்டுவதற்கு முன் அந்தக் குடும்பங்களுக்கு அடுத்த வறட்சியில் என்ன வழி என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

மழை பொய்த்த வருஷம் என்றதும் 2016 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய மழையில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டமும் வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2015இல், சென்னை மூழ்கியது. இப்படி அடுத்தடுத்த வருஷங்களில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வருவதைத்தான் இனி எதிர்பார்க்கச் சொல்கிறார்கள். நமக்கும் இரண்டுமே வேண்டும்: தண்ணீர் எங்கே நிற்கும் என்ற வரைபடமும், தண்ணீர் இல்லாதபோது எந்தக் கிணறு கடைசியாக வற்றும் என்ற வரைபடமும்.

இதைச் சொல்லும்போது திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடி நினைவுக்கு வருகிறது. 1977 முதல் அங்கே கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இது ஊரறிந்த செய்தி. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த வருஷம் தண்ணீர் எப்படி என்று கேட்டால் எந்தப் பறவை வந்தது, வரவில்லை என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். வருஷா வருஷம் ஒரே இடத்தை ஒரே கண்கள் பார்ப்பதில் உள்ள நன்மை இது. நம் பகுதியில் பெரும்பாலோர் வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கண்கள் நமக்கு இல்லை. கடன் வாங்கத்தான் வேண்டும்.

அதனால் செயற்குழுவில் பேசி முடிவு செய்தது இது. புரட்டாசி முடிவதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை நடை. கண்மாய்க் கரையில் ஆரம்பித்து, தண்ணீர் வந்த வழியே நம் தெருக்கள் வரை. முன்னால் நடப்பவர்கள் ஆடு மேய்க்கிறவர்களும் பழைய விவசாயிகளும். நாம் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு. கையில் கிராம வரைபடமும் புலப்படங்களும் இருக்கும். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவைத் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதில் 'வாய்க்கால் புறம்போக்கு', 'ஓடைப் புறம்போக்கு' என்று இருக்கும் எண்களையும், பெரியவர்கள் காட்டும் வழியையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்பில் குறிப்போம். இன்ஜினியர் அதன் பிறகு வருவார், அந்தச் சிவப்பு இடங்களில் முதலில் லெவல் எடுக்க.

பெண்களுக்குத் தனியாக ஒரு மாலைக் கூட்டம், ஆண்கள் இல்லாமல். வீட்டு வேலைக்கு வருபவர்கள், வாடகைக் குடும்பங்கள், காவலாளிகள் என்று அந்தந்தத் தெருவில் ஒருவர் பொறுப்பெடுத்துத் தனித்தனியே கேட்டுவருவது. ஒவ்வொரு கிணறும் சித்திரையில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், கரண்ட் போனால் யாருக்கு மருந்துப் பெட்டி குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். தனி வீட்டு விவரங்கள் செயலாளர் கையிலுள்ள நோட்டில் மட்டும் இருக்கும்.

தண்ணீர் வழி வரைபடத்தை வெளியிடுவதா என்பதில்தான் செயற்குழு இன்னும் ஒருமனப்படவில்லை. மூன்றாவது குரல் சொன்ன மனை விலை. அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கி வீடு கட்டியவருக்கு அது வாழ்நாள் சேமிப்பு. ஆனால் 2021 நவம்பர் மழையில் வாசலுக்கு மேலே தண்ணீர் ஏறிய வீடுகளில் ஒன்று என்னுடையது. மனை வாங்கும்போது காட்டிய லேஅவுட்டில் ஓடை என்று எதுவும் இல்லை. மழைக்குப் பிறகு புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன், இரண்டு மனை தள்ளி ஒரு வாய்க்கால் எண் இருந்தது. அதை எனக்கு முன்பே அறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்து அங்கே வாங்கப்போகிறவர் என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது என்று செயற்குழுவில் கேட்டேன். தலைவர் இதை அடுத்த பொதுக்குழுவில் வாக்குக்கு விடலாம் என்றிருக்கிறார். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அன்று வாக்கு உண்டா என்பதையும் அங்கேயே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

முதல் நடைக்கு வருபவர்கள் காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். பழைய செருப்பு போதும், முள் இருக்கும்.